பழைய தியேட்டரின் கதையைத் தேட: பெரியவர்களா, பத்திரிகையா, காணி உறுதிக் கட்டா?

யாழ்ப்பாணத்தில், வெலிங்டன் சந்தியில் இறக்கிவிடச் சொல்லி மினிபஸ்ஸில் ஏறும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வெலிங்டன் ஒரு படமாளிகையின் பெயர் என்று தெரியும்? படமாளிகை போய்விட்டது, பெயர் மட்டும் சந்தியில் நிற்கிறது. வின்சர், றீகல், ராணி, லிடோ, ஸ்ரீதர், சாந்தி என்று விரல் மடித்து எண்ணுகிறவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். நகரத்தை விட்டு வெளியே வந்தால் நெல்லியடி, சுன்னாகம், பருத்தித்துறை என்று ஒவ்வொரு ஊரும் தனக்கென்று ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும்.

இந்த வருடம் மட்டும் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் ஆசிரியை. தரம் பத்துப் பிள்ளைகளைக் கொண்டு ஊர் வரலாற்றுச் செயற்திட்டம் ஒன்று செய்ய நினைக்கிறார். இன்னொருவர் கனடாவிலிருந்து ஆறு கிழமை விடுமுறையில் வந்தவர். அவருடைய பெரியப்பா ஒரு தியேட்டர் வாசலில் ரிக்கற் கிழித்தவர். மூன்றாவது ஆள் பல்கலைக்கழக மாணவன், ஆய்வுக்கட்டுரைக்கு ஐந்து மாதம் இருக்கிறது. மூவரும் கேட்டது இதுதான்: “எங்கேயிருந்து தொடங்குறது? வயசுபோன ஆக்களிட்டயா, பழைய பேப்பரிலயா, கச்சேரியிலயா?” (கச்சேரி என்றால் இங்கே மாவட்ட அரச அலுவலகம்.)

மூவருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன்.

## முதலில் எதை வைத்து அளப்பது

வழியைத் தேர்வதற்கு முன் உங்கள் கேள்வி என்ன என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள். “தியேட்டரின் வரலாறு” என்று எழுதினால் அது கேள்வி ஆகாது. எந்த ஆண்டு திறந்தது, யாருடைய காணி, என்ன படம் ஓடியது, பெண்கள் எங்கே இருந்து பார்த்தார்கள், ஏன் மூடினார்கள் என்று ஐந்து கேள்வி எழுதினால் ஐந்துக்கும் ஐந்து வேறு கதவுகள்.

அப்புறம் நான்கு விஷயம் பார்ப்பேன். கிடைக்கும் ஆண்டும் தேதியும் எவ்வளவு நம்பத்தக்கவை? போர் அந்த மூலத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை போட்டிருக்கிறது? காசும் நேரமும் எவ்வளவு போகும், அதிலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத செலவு எது? நான்காவதுதான் எனக்கு முக்கியம். அந்த மூலம் உங்களுக்காகக் காத்திருக்குமா? ஆவணக் காப்பகத்தில் இருக்கும் பத்திரிகைக் கட்டு அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். தியேட்டரில் மெஷின் ஓட்டிய எண்பத்தாறு வயது ஒப்பரேட்டர் இருப்பார் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

## பழைய பத்திரிகைகள்

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தொடங்க விரும்புகிறார்கள். அச்சில் வந்தது என்றால் ஒரு தைரியம். காலக் கணக்கும் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. சுன்னாகத்திலிருந்து வந்த ஈழகேசரி 1930 முதல் 1958 வரை. யாழ்ப்பாணத்து ஈழநாடு 1959இல் தொடங்கியது. உதயன் 1985இல் வந்தது. கொழும்பில் வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் ஆரம்பமாகின. படமாளிகைகள் வந்து, வளர்ந்து, தளர்ந்த காலம் முழுவதற்கும் ஏதோ ஒரு தமிழ்ப் பத்திரிகை உண்டு.

சினிமா விளம்பரம் ஒரு சின்னத் தங்கச் சுரங்கம். அதில் படத்தின் பெயரோடு தியேட்டரின் பெயரும் காட்சி நேரமும் இருக்கும். “இன்று முதல்”, “கடைசி நாட்கள்”, “50வது நாள்” என்ற வரிகளை வைத்து ஒரு படம் எத்தனை கிழமை ஓடியது என்று கணக்குப் போடலாம். ஒரே படம் இரண்டு தியேட்டரில் ஓடியதும் தெரியும். விளம்பரத்தை விட்டு மற்றப் பக்கங்களையும் பாருங்கள். மாநகர சபைக் கூட்டச் செய்தியும் வாசகர் கடிதமும் விளம்பரம் சொல்லாததைச் சொல்லும்.

எங்கே பார்ப்பது? வீட்டிலிருந்தே தொடங்கலாம். 2005இல் ஆரம்பித்த நூலகம் மின்னூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நிறைய ஸ்கான் செய்யப்பட்டு இலவசமாக இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலும் மீளக் கட்டிய பொது நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். மீதிக்குக் கொழும்பு 7இல் உள்ள தேசிய ஆவணக் காப்பகம்.

இனி மறைந்திருக்கும் செலவு. ஸ்கான் பக்கங்கள் பெரும்பாலும் படங்களாக இருப்பதால் தேடல் பெட்டியில் தியேட்டரின் பெயரை அடித்தால் விளம்பரம் வந்து நிற்காது. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். ஒரு வாரப் பத்திரிகையின் ஓர் இதழுக்கு மூன்று நிமிடம் என்று வையுங்கள். பத்து வருடத்துக்கு 520 இதழ், அதாவது 26 மணித்தியாலம். நாளிதழ் என்றால் ஒரே ஒரு வருடத்துக்கே பதினைந்து மணித்தியாலத்துக்குக் குறையாது. அதனால் நான் எல்லா இதழும் பார்ப்பதில்லை. தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, தீபாவளி ஆகியவற்றை ஒட்டிய இதழ்களை மட்டும் முதலில் எடுப்பேன். புதுப்படம் போடாமல் எந்தத் தியேட்டரும் தீபாவளியை விடாது. மூன்று பண்டிகையிலும் ஒரு தியேட்டரின் பெயர் இல்லாமல் போனால், அந்த வருடத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு அந்த வருடத்தை மட்டும் தோண்டலாம்.

கொழும்புக்குப் போவதென்றால் 400 கிலோமீற்றர். இரவு பஸ், தங்குமிடம், வாசகர் அனுமதி, கேட்ட கட்டு வரும்வரை காத்திருப்பு. இரண்டு நாளுக்குக் குறைந்து போய்ப் பயனில்லை. எந்த ஆண்டு, எந்த மாதம் என்று குறித்துக்கொண்டு போகாதவர் முதல் நாளை அங்கேயே தொலைப்பார். நான் தொலைத்திருக்கிறேன்.

போரின் ஓட்டையும் பெரிது. 1981 மே 31 இரவு யாழ் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள், ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்த நாட்களிலேயே ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. பத்திரிகைகளைச் சேர்த்து வைத்த இடமும் அச்சடித்த இடமும் சேர்ந்து போன ஊர் இது. மிச்சம் இருப்பவை வேறு வேறு கைகளில் தப்பியவை, தொடர்ச்சியாக இருக்காது. “விளம்பரம் இல்லை” என்பதும் “அந்த இதழே இல்லை” என்பதும் ஒன்றல்ல. குறிப்புக் கொப்பியில் இரண்டுக்கும் வேறு வேறு அடையாளம் போடுங்கள்.

இன்னொன்று. பத்திரிகை நகரத்துத் தியேட்டருக்குத்தான் நல்ல மூலம். ஊர்ப்புறக் கொட்டகைக்காரர் பத்திரிகைக்கு ஏன் காசு கொடுப்பார்? ஒலிபெருக்கி கட்டிய காரில் ஒரு சுற்று, சந்தி மதிலில் நோட்டீஸ், வேலை முடிந்தது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ச் சந்தியில் இருந்த தியேட்டர் திறந்த ஆண்டை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். கடைசியில் ஒரு பழைய இதழில் “திறப்பு விழா” என்று கொட்டை எழுத்தில் விளம்பரமே கிடைத்தது. இரண்டு கிழமை தலைகால் புரியாமல் திரிந்தேன். பிறகு அந்த அச்சுப் பிரதியை ஒரு பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தா. “அது கூரை மாத்தித் திறந்தது மோனை. அதுக்கு முன்னம் கிடுகுக் கொட்டில். நான் பாவாடை சட்டையோட போய்ப் படம் பாத்தனான்.”

விளம்பரம் பொய் சொல்லவில்லை, நான்தான் அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டிருந்தேன்.

## வயதானவர்களின் வாய்

இந்தப் பகுதி மற்றவற்றைவிட நீளமாகத்தான் இருக்கும். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு என்று வந்தால் நினைவை நம்பக் கூடாது. யாரையும் “எந்த வருடம்?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகவே ஒரு வருடத்தைச் சொல்லிவிடுவார்கள். “இன்ன படம் வந்த நேரம்” என்பார்கள், அதுவும் பொறி. தமிழ்நாட்டில் படம் வெளியான தேதியை எடுத்து இங்கே ஒட்ட முடியாது. இந்தியப் படம் இங்கு வரப் பிந்தும். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போன பிறகு பல படங்கள் வருடக்கணக்கில் பிந்தின. நல்லாய் ஓடிய படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அவர் பார்த்தது முதல் ஓட்டமா, மூன்றாவது ஓட்டமா என்பது அவருக்கே தெரியாது.

ஆண்டைக் கேட்பதற்குப் பதிலாக முளை அடித்துக் கேளுங்கள். 1964 டிசம்பர் சூறாவளிக்கு முன்னமா, பின்னமா? சிறிமா (பிரதமர் சிறிமாவோ) காலத்தில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போன நேரமா? லைபிரரி எரிவதற்கு முன்னமா? இந்தியன் ஆமி வந்த 1987இல் கதவு திறந்திருந்ததா? 95 இடப்பெயர்வில் வீட்டை விட்டுப் போகும்போது கட்டடம் நின்றதா, திரும்பி வரும்போது நின்றதா? இப்படி ஐந்து முளை அடித்தால் ஐந்து வருடத்துக்குள் கொண்டுவந்துவிடலாம். மிச்சத்தைப் பத்திரிகையில் பிடிக்கலாம்.

யாரிடம் போவது என்பதும் பெரிய தெரிவு. முதலாளி வீட்டில் போனால் முதலீடும் நஷ்டமும் பற்றிச் சொல்வார்கள், அதோடு குடும்பத்துக்குள் யார் யாருடன் பேசுவதில்லை என்பதும் வெளியே வரும். வாசலில் நின்றவருக்கு ஊரைத் தெரியும். பின்னால் கச்சான் விற்றவருக்கு எந்தப் படத்துக்கு எவ்வளவு சனம் என்பது விற்பனைக் கணக்காக ஞாபகம் இருக்கும், வெற்றிப்படம் எது என்பதில் நான் விளம்பரத்தைவிட அவரை நம்புவேன். சைக்கிள் பார்க் வைத்திருந்தவர் இன்னும் துல்லியம்.

ஒப்பரேட்டர் கிடைத்தால் விடாதீர்கள். நான் சந்தித்த ஒருவரிடம், உங்களுக்குப் பிடித்த படம் எது ஐயா என்று கேட்டேன். “நான் எங்க தம்பி படம் பாத்தது? ஓட்டையால வெளிச்சத்தைத்தான் பாத்தனான்” என்றார். உண்மைதான். கார்பன் குச்சிகள் இரண்டுக்கும் நடுவே எரியும் சுடர்தான் விளக்கு. குச்சி எரிந்து தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், கண்ணெடுத்தால் திரை மங்கிவிடும், கீழே கலரியிலிருந்து விசில் வரும். 35 மில்லிமீற்றர் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடத்தில் முடிந்துவிடும், அதற்குள் அடுத்த மெஷின் தயாராக நிற்க வேண்டும். இந்த ஆளிடம் கதாநாயகன் யார் என்று கேட்பது வீண். மெஷின் எந்தக் கம்பனி, எத்தனை மெஷின், கரண்ட் நின்றால் என்ன செய்தீர்கள், படப்பெட்டி எதில் வந்தது, ஒரே படத்தை இரண்டு தியேட்டர் பகிர்ந்தபோது ரீலை யார் சைக்கிளில் கொண்டு ஓடினார் என்று கேளுங்கள். பிறகு நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். வீட்டில் ஆண்கள் பக்கத்தில் இருந்தால் “எனக்கென்ன தெரியும், இவரிட்டக் கேளுங்கோ” என்றுதான் பதில் வரும். பின்னேரக் காட்சிக்கு யாருடைய துணையோடு போனார்கள், எங்கே இருந்தார்கள், படம் பார்க்கப் போனதை யாரிடம் மறைத்தார்கள் என்பதெல்லாம் குசினிக்குள் தனியாக இருக்கும்போதுதான் வரும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. அதைக் கேட்க நமக்கு வாய் கூசும். யார் உள்ளே விடப்பட்டார்கள், உள்ளே போனபின் யார் எந்த இடத்தில் இருந்தார்கள்? தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் சாதி பார்த்த ஊர் இது. பொது இடங்களில் சாதியைக் காட்டி மறிப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. இருட்டு மண்டபத்துக்குள் எல்லோரும் சமமாக இருந்தார்களா, கலரிக்கும் பல்கனிக்கும் நடுவே காசு மட்டும்தான் நின்றதா என்பதற்கு விளம்பரத்திலும் விடை இல்லை, காணி உறுதியிலும் விடை இல்லை. ஒருவரிடம் மட்டும் கேட்டு எழுதாதீர்கள். ஊரின் இரண்டு பக்கத்திலும் கேளுங்கள், பதில் இரண்டாகத்தான் வரும். இரண்டையும் எழுதுங்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கே காசாக இராது. ஒரு பிஸ்கட் பெட்டி, கொஞ்சம் பழம், ஓட்டோக் கூலி, அவ்வளவுதான். நேரம்தான் போகும். முதல் நாள் போனவுடன் போனை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினால் ஆள் அறிக்கை வாசிப்பது போலப் பேசுவார். முதல் நாள் தேநீர் மட்டும், இரண்டாம் நாள் கேட்டுவிட்டுப் பதிவு. ஒரு மணித்தியாலப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணித்தியாலம் போகும், பல்லுப் போனவரின் பேச்சு என்றால் இன்னும் கூட. புலம்பெயர்ந்தவர்களிடம் வாட்ஸ்அப்பில் பேசுவதென்றால் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை, பத்தரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. யாராவது ஒருவர் நித்திரை முழிக்க வேண்டும்.

இன்னொரு செலவுக்கு விலை போட முடியாது. தியேட்டர் பற்றிக் கேட்கத் தொடங்கிய பேச்சு எப்போது திசை மாறும் என்று தெரியாது. கூடப் படம் பார்த்த தம்பி எங்கே என்று நீங்கள் சாதாரணமாகக் கேட்டுவிடுவீர்கள். அந்தத் தம்பி இல்லாமல் போன கதை வரும். அப்போது பதிவை நிறுத்துங்கள், கேள்வித் தாளை மடியுங்கள். அன்றைக்கு வேலை முடிந்தது.

## கச்சேரி, மாநகர சபை, காணிப் பதிவகம்

அலுவலகக் கடதாசி ஒரே ஒரு வகைக் கேள்விக்கு மிக நன்றாகப் பதில் சொல்லும்: யாருடைய காணி, எப்போது கைமாறியது, குத்தகையா அறுதியா. இந்தக் கேள்வி உங்களுக்கு இல்லையென்றால் இந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள் என்பது என் கட்சி.

காணிப் பதிவகத்தில் தியேட்டரின் பெயரைச் சொல்லித் தேட முடியாது. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரும் பரப்புக் கணக்கும் வேண்டும். (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.) பக்கத்துக் காணிக்காரரிடம் அவருடைய உறுதியைக் கேட்டுப் பாருங்கள். எல்லை சொல்லும் இடத்தில் “மேற்கில் இன்னாருடைய காணி” என்று உங்கள் தியேட்டர் வளவு வந்து நிற்கும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகலாம். பழைய உறுதியின் தமிழும் நொத்தாரிசின் கையெழுத்தும் பழகாத கண்ணைத் தண்ணீர் குடிக்க வைக்கும், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

உள்ளூராட்சிப் பக்கத்தில் கட்டடத்துக்குச் சோலைவரி இருந்திருக்கும், ரிக்கற்றுக்கு 1946 சட்டப்படி கேளிக்கை வரி இருந்திருக்கும். ஆனால் எந்தச் சபையிடம் கேட்பது என்பதில் ஒரு சிக்கல். யாழ்ப்பாணம் மாநகர சபையானது 1949இல். அதற்கு முன் நகர சபை. ஊர்ப்புறம் என்றால் கிராம சபை அல்லது பட்டின சபை. கிராம சபைகள் 1981இல் இல்லாமல் போயின, பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தன. நடுவில் ஆறேழு வருடமும் பிறகு ஒரு போரும். கடதாசி ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போனதா, போகும் வழியில் எங்காவது விழுந்ததா என்பதை உள்ளே போய்க் கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் விண்ணப்பித்தால் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நான் ஓர் அலுவலகத்துக்கு வாய்ப்பேச்சாகவே மூன்று தரம் போய், மூன்று தரமும் “அடுத்த கிழமை வாங்கோ” வாங்கியவன். நான்காவது தரம் எழுத்தில் கொடுத்தேன், பதில் வந்தது. “ஆவணம் இல்லை” என்பதுதான் பதில். ஆனாலும் அது முத்திரை குத்திய பதில், கட்டுரையில் தைரியமாக எழுதலாம்.

மறைந்த செலவு இன்னொன்று. காணி பற்றி விசாரிக்கிறவரை ஊர் சந்தேகத்தோடுதான் பார்க்கும். யாரோ வாங்கப் போகிறார்கள், வழக்கு வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு பரவும். நேற்றுவரை தேநீர் தந்து கதை சொன்ன முதலாளி வீட்டுக் கதவு அதோடு சாத்திக்கொள்ளும். அதனால் இந்த வழி வேண்டுமென்றால் கடைசியில் வையுங்கள்.

## கட்டடமும் படங்களும்

இது ஒரு காலை வேலை. கடையாக, களஞ்சியமாக, மண்டபமாக மாறிய கட்டடத்திலும் சில அடையாளங்கள் தப்பும். பின்சுவரில் உயரத்தில் சின்னச் சதுர ஓட்டைகள், திரை இருந்த பக்கம் சரியும் தரை, முகப்பில் சீமெந்தில் பொறித்த ஆண்டு. அந்த ஆண்டும் கூரை மாற்றிய ஆண்டாக இருக்கலாம், பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் வேறு ஆட்கள் இருந்த கட்டடங்களும் உண்டு. உரியவரைக் கேட்காமல் கமராவை நீட்ட வேண்டாம்.

நில அளவைத் திணைக்களத்தின் 1956 வான்படங்களை நம்பிச் சிலர் போகிறார்கள். அவை 1:40,000 அளவு. முப்பது மீற்றர் நீளமான தியேட்டர் அதில் முக்கால் மில்லிமீற்றர். ஒழுங்கையும் வெளியும் எப்படி இருந்தன என்று பார்க்க உதவும், தியேட்டரைப் பார்க்க உதவாது.

வீட்டு அல்பத்தில் தியேட்டர் இருப்பது அபூர்வம். பிலிம் விலைக்கு யார் தியேட்டரைப் படம் எடுப்பார்கள்? சந்தியில் எடுத்த ஊர்வலப் படம், புதுக் கார் வாங்கியவர் சாய்ந்து நிற்கும் படம் ஆகியவற்றின் பின்புறத்தைப் பாருங்கள், கட்டவுட்டின் ஒரு கை தெரியும். சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் ரிக்கற் துண்டும் பழைய ட்ரங்குப் பெட்டிகளில் தப்பியிருக்கின்றன.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பத்திரிகை | பெரியவர்கள் | அலுவலகக் கடதாசி | கட்டடம், படங்கள் |
|---|---|---|---|---|
| ஆண்டு, தேதி | நல்லது, ஆனால் எதன் தேதி என்று பார்க்க வேண்டும் | பலவீனம், முளை அடித்தால் பரவாயில்லை | காணிக்கு மட்டும் நம்பலாம் | எப்போதாவது |
| நகரத்துத் தியேட்டர் | மிக நல்லது | நல்லது | நல்லது | பெரும்பாலும் மாறிவிட்டது |
| ஊர்ப்புறக் கொட்டகை | ஏறக்குறைய இல்லை | இதுதான் வழி | சபை மாறியதால் சிக்கல் | அத்திவாரம் இருந்தால் அதிர்ஷ்டம் |
| 1990க்குப் பிந்திய காலம் | மெல்லியது | மிக நல்லது | குறைவு | உதவும் |
| கைக்காசு | வீட்டிலிருந்து என்றால் இல்லை, கொழும்பு என்றால் அதிகம் | குறைவு | நடுத்தரம் | குறைவு |
| காத்திருக்குமா | காத்திருக்கும் | காத்திருக்காது | காத்திருக்கும் | அடுத்த மாதம் இடிக்கலாம் |

1990 என்று தனியாகப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வருடத்தோடு குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. அதற்குப் பிறகு படம் பார்த்த கதை பெரும்பாலும் தியேட்டருக்கு வெளியே நடந்தது: ஜெனரேற்றர், டெக், யாரோ ஒருவருடைய முற்றம், எண்ணெய்க்குக் காசு சேர்த்த பொடியள். அச்சில் இதைத் தேடிக் களைக்காதீர்கள். இப்போது ஐம்பது வயதாகிறவர்களிடம் கேளுங்கள், அவர்கள் தாங்கள் வரலாற்றுச் சாட்சி என்றே நினைத்திருக்க மாட்டார்கள்.

## யாருக்கு எது

ஆசிரியைக்கு: பெரியவர்கள், அதோடு கட்டடம். பிள்ளைகளைக் காப்பகத்துக்கோ காணிப் பதிவகத்துக்கோ அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் அம்மம்மாவிடம் ஐந்து முளைக் கேள்வி கேட்டு வரட்டும். முப்பது பிள்ளைகளின் பதிலை ஒரே சுவரில் ஒட்டினால் முரண்பாடுகள் தாமாகவே தெரியும். எந்தப் பதில் சரி என்று பிள்ளைகள் சண்டை பிடிக்கும் நாளில் ஒரே ஒரு பழைய விளம்பரத்தை அச்சடித்துக் காட்டுங்கள். முதலிலேயே காட்டிவிட்டால் எல்லாரும் அந்த ஆண்டையே எழுதிக்கொண்டு வருவார்கள்.

கனடாக்காரருக்கு: ஆறு கிழமையில் காணிப் பதிவகம், கொழும்பு என்று அலைந்தால் திரும்பிப் போகும்போது கையில் ரசீதுகள்தான் இருக்கும். விளம்பரத் தேடலை ரொறன்ரோவில் குளிர்காலத்தில் இருந்தே செய்யலாம், நூலகம் அங்கேயும் திறக்கும். இங்கே நிற்கும் நாட்களைப் பெரியப்பாவோடு வேலை செய்தவர்களுக்கு மட்டும் கொடுங்கள். முதல் கிழமையில் ஒருவரைப் பிடித்தால் அவரே அடுத்த இரண்டு பேரின் வீட்டு ஒழுங்கையைச் சொல்வார்.

மாணவனுக்கு மட்டும் நான்கு வழியும். ஆனால் வரிசை முக்கியம். முதல் இரண்டு கிழமை பண்டிகை இதழ்களைப் புரட்டி, எந்த ஆண்டில் தியேட்டர் இருந்தது, எந்த ஆண்டில் காணாமல் போனது என்று ஒரு பக்க எலும்புக்கூடு. அடுத்த இரண்டு மாதம், அந்த விளம்பரப் பிரதிகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்களிடம். வெறுங்கையோடு போனால் “அது ஒரு காலம் தம்பி” என்பதில் பேச்சு நின்றுவிடும். கடதாசியைக் காட்டினால் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார்கள், பிழை பிடிப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள். நாலாவது மாதம் கொழும்பு, இப்போது எந்த மாதத்து இதழ் வேண்டும் என்று தெரியும். தகவல் உரிமை விண்ணப்பத்தை மூன்றாம் மாதமே போட்டு வைத்தால் எழுதி முடிப்பதற்குள் ஏதோ ஒரு பதில் வந்திருக்கும்.

அவன் கேட்டான்: “ஆய்வுக் குழு வாய்மொழியை ஏற்றுக்கொள்ளுமா அண்ணா?” அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு எழுதினால் ஏற்கும் என்றேன். போன கிழமை அழைத்தான். ஒப்பரேட்டர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டானாம், காது கேட்காதாம், எழுதிக் காட்டினால் பதில் சொல்கிறாராம். பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போ என்று மட்டும் சொன்னேன்.